விலையும் பந்தியும்

பணங்கொடுத்து உண்பவன், அவ்வுணவைச் சமைத்தவனுக்குக் கடன்பட்டவனா? சந்தையின் நியாயப்படி, விலை கொடுத்த அளவில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நமது மரபோ உணவளித்தலை விருந்தாகவும் அறமாகவும் போற்றி வந்துள்ளது. இவ்விரு நியாயங்களும் எதிரெதிரே நிற்கும் இடமாக இன்றைய உயர்தர இந்திய உணவகத்தைக் கொள்ளலாம். கரம்பொன் போன்ற தீவகக் கிராமங்களிலிருந்து புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, உறவினரை நகரத்திலுள்ள இத்தகைய உணவகங்களுக்கு அழைத்துச் செல்வது இன்று அரிய காட்சியன்று. ஒரு வேளை உணவுக்கு அங்கே கொடுக்கப்படும் தொகை, ஊரிலுள்ள ஓர் ஏழைக் குடும்பத்தின் பல நாட் செலவுக்குப் போதியதாகலாம். எனவே மேற்கூறிய வினா வெறும் ஏட்டுத் தத்துவமன்று.

முதலில் அவ்வுணவகத்தின் பட்டியலையே நோக்குவோம். தந்தூரிக் கோழி புகழ்பெறக் காரணமாயிருந்த உணவகங்களுள் முதன்மையானது தில்லி தரியாகஞ்சிலுள்ள 'மோத்தி மகால்'. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது பெசாவரை விட்டு வந்தோர் அதனைத் தொடங்கினர். இந்தியச் சீன உணவு எனப்படுவது, கல்கத்தாவிற் குடியேறிய ஹக்காச் சீனரின் சமையல் இந்திய மசாலையோடு கலந்ததன் விளைவாகும். தோசையையும் இட்டலியையும் பம்பாய் மக்களுக்குப் பழக்கியவர்களுட் பெரும்பாலோர் உடுப்பிப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோரே. பல நாட்டு உணவுகளின் தொகுப்பாகத் தோன்றும் இப்பட்டியல், உண்மையில் ஊர்பெயர்ந்தோரின் வரலாறாகவும் இருக்கின்றது. பட்டியலில் உணவின் பெயரும் விலையும் உள. அவர்களுடைய பெயர் இல்லை.

தீவக மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. நன்னீரும் வயலும் அருகிய மண்ணை விட்டுத் தென்னிலங்கை நகரங்களுக்குச் சென்று, கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தியவர்கள் அவர்கள். 1983ஆம் ஆண்டு வன்செயலும் 1990ஆம் ஆண்டுத் தீவகப் படை நடவடிக்கையும் அவர்களை மேலும் சிதறடித்தன. பாரிஸ், இலண்டன், ரொறொன்ரோ முதலிய நகரங்களைச் சென்றடைந்தோரிற் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை உணவகத்திற் கோப்பை கழுவுவதே. கரம்பொன்னில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாய்வை உலகரங்குக்குக் கொண்டு சென்றமையைப் பெருமையுடன் பேசுகின்றோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்நியரின் சமையலறையில் நின்று, ஊரிலே தம்பி தங்கையரைப் படிப்பித்தவரைப் பற்றி நாம் அவ்வாறு பேசுவதில்லை. அவரும் தாம் பார்த்த வேலையைச் சொல்லக் கூசுகின்றார். விலை கொடுத்து உண்பவரின் கண்ணுக்குச் சமைத்தவர் தெரியாமற் போவதோடு, சமைத்தவரும் தம்மை மறைத்துக்கொள்ள நேர்கின்றது.

இதனைக் கண்டு, "உணவு விலைப்பொருளானமையே தீமைக்குக் காரணம், பழைய விருந்தோம்பலே மேலானது" என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு அவசரமானது. ஒரே பானையிற் காய்ச்சிய ஒடியற் கூழைப் பிளாவில் வார்த்துக் கூடியிருந்து குடித்த இனிய வழக்கத்தை நாம் நினைவுகூர்வதுண்டு. அக்கூட்டத்தில் யார் அமர்ந்தனர், யார் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர் என்பதையும் சேர்த்து நினைவுகூர்தல் வேண்டும். நமது விருந்தோம்பல், வந்தவரின் பசியைக் கேட்குமுன் அவருடைய சாதியைக் கேட்டது. தேநீர்க் கடைகளுங்கூட நீண்ட காலம் இவ்வழக்கையே பின்பற்றின. உள்ளே இருக்க இடமின்றி, வெளியே நின்று போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வாங்கிக் குடிக்குமாறு மக்களில் ஒரு பகுதியினர் வற்புறுத்தப்பட்டனர். அவர்களும் விலை கொடுத்தே குடித்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1957ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய விலக்கைக் குற்றமாக்கியது. எனினும் சட்டத்தாள் கதவைத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதனைத் திறந்தன. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் 1960 பெப்ரவரி முதலாம் நாள் நான்கு கறுப்பின மாணவர்கள் கடையொன்றின் உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்ததும் இதே உரிமைக்காகவே. ஆகவே, பணம் கொடுத்தவர் எவராயினும் அமரலாம் என்னும் விதி அற்பமானதன்று. இரத்தஞ் சிந்திப் பெற்ற அறவிதி அது.

ஆயினும் அவ்விதி அறத்தின் முழுமையாகிவிடாது. வாடிக்கையாளரை நோக்கி 'நீ யார்?' என்று கேளாதிருப்பது உணவகத்தின் நற்பண்பு. சமைப்பவரையும் பரிமாறுபவரையும் நோக்கி 'நீர் யார்?' என்று நாமும் கேளாதிருப்பது அதன் குறை. ஒரே அலட்சியம் ஓரிடத்தில் விடுதலையாகவும் மற்றோரிடத்திற் புறக்கணிப்பாகவும் அமைந்துவிடுகின்றது.

இதனை அளக்க ஒரு வினா போதும்: அவ்வுணவைச் சமைத்தவர் தமது ஓய்வு நாளில் அதே மண்டபத்தில் மதிப்போடு அமர்ந்து உண்ண இயலுமா? "பொற்கொல்லன் தான் செய்த நகைகளையெல்லாம் அணிகின்றானா?" என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. நகையின்றி வாழலாம், உணவின்றி வாழ்தல் இயலாது. பிறர்க்கு ஐந்து நாட்டு உணவு சமைப்பவரின் வீட்டு அடுப்பு ஒருநேரமேனும் அணைந்து கிடக்குமாயின், அவ்வுணவகத்தின் விலை முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்றே கொள்ளல் வேண்டும். போதிய கூலி, அளவான வேலைநேரம், இருந்து உண்ண ஓர் இடம் ஆகியன சேர்ந்ததே உணவின் உண்மையான விலை.

மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவே எனப் பலர் கொள்வர். கரம்பொன்னுக்கு அண்மையிலுள்ள அத்தீவின் நாகபூசணி அம்மன் கோயிலில் அன்னதானம் இன்றும் நடைபெறுகின்றது. காப்பியத்தில் அமுதசுரபி பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. உணவகத்தை அறக்கோட்டமாக்குமாறு எவரையும் நாம் கேட்கவில்லை. வணிகம் வணிகமாகவே நடக்கட்டும். கேட்கவேண்டியது அதனினும் சிறிது. உயர்ந்த மண்டபத்தில் உண்பது குற்றமன்று. உறவினரை அழைத்துச் சென்று மகிழ்வித்தல் நற்செயலே. ஆனால் விலை கொடுத்ததால் உணவுக்குரிய உரிமை மட்டுமே கிடைக்கின்றது. சமைத்தவரை மறக்கும் உரிமை கிடைப்பதில்லை. தேநீர்க் கடைக் கதவு திறக்கப் போராடிய சமூகத்துக்கு, சமையலறைக் கதவுக்கு அப்பாலும் நோக்கும் கடமை எஞ்சியிருக்கின்றது.