வளைவு படியாகும் இடம்

விடியற்காலை ஐந்தரை. தெப்ராவ் நீரிணைப் பக்கமிருந்து காற்று வருகிறது. கடற்பாலத்தை நோக்கிப் போகும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் ஓயவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நான் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

மேசை விளக்கடியில் அம்மாவின் கைத்தறிச் சேலையை விரித்து வைத்திருக்கிறேன். ஜாலான் உங்கு புவானில் அம்மா வாங்கியது. முந்தானையில் வரிசையாகக் கிளிகள். நேற்று பேத்தி என் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “தாத்தா, கிளி முதுகு ஏன் மாடிப்படி மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். இத்தனை வருஷம் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

*

துணியில் வளைவு கிடையாது. பாவு நெடுக்காக ஓடுகிறது, ஊடை குறுக்காக ஓடுகிறது, அவ்வளவுதான். கிளியின் கழுத்து வளைய வேண்டுமானால் அதை முதலில் கட்டம் போட்ட தாளில் ஏற்ற வேண்டும். எந்தக் கட்டம் நிரம்ப வேண்டும், எது வெறுமையாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். பிறகு அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். தறியின் மேலே அந்த அட்டைகள் சுற்றி வரும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் எழும், துளை இல்லாத இடத்தில் எழாது. படி எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கண் அதை வளைவென்று நம்பும்.

படிகளை எண்ணிப் பார்த்தேன். கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பத்தொன்பது.

*

ஓவியர் கே. எம். ஆதிமூலம், தறிக்கு வடிவம் தரும் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணனோடு சேர்ந்து வந்தவர். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய ஜூனியர் விகடன்களில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ படித்தேன். நான் பால்மரக் காட்டில் வளர்ந்தவன். ரப்பர் நிழலில் மண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வெயிலில் வெடித்த கரிசலை நான் நேரில் கண்டதில்லை. அதை ஆதிமூலத்தின் மைக்கோடுகளில்தான் முதலில் பார்த்தேன். கி.ரா.வின் பேச்சை எழுத்தில் கேட்டேன், அந்த மனிதர்களின் முகச்சுருக்கத்தை ஆதிமூலத்தின் படங்களில் வாங்கிக்கொண்டேன்.

ஆதிமூலம் 1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்தார். சிற்பி தனபால் அவரைக் கைப்பிடித்து ஓவியக் கல்லூரிக்குள் கொண்டுபோனார். அங்கே ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் காலம் அது. 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நூறு! ஒரே முகத்தின் முன் நூறு முறை உட்காருவதை நான் ஜபம் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அரசர்கள் வந்தார்கள்: பகட்டு மிச்சமிருந்து அதிகாரம் உதிர்ந்துபோன உருவங்கள். பிறகு உருவமும் போயிற்று. எண்ணெய் வண்ணத்தில் நிறமும் வெளியும் மட்டும் நின்றன.

இதற்கு நடுவில் சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் படம் வரைந்தார், தலைப்பெழுத்தும் எழுதினார். எனக்கு அந்த எழுத்துகள்தான் நெருக்கம். அச்சுக்கோப்பில் ஒழுங்காக நின்று பழகிய தமிழ் எழுத்து அவர் கையில் கொஞ்சம் சாய்ந்தது, மூச்சு விட்டது. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எழும்பியது என்று தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். ‘ழ’வின் அடியில் கை எங்கே தயங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை அவர் மறைக்காமல் விட்டிருக்கிறார்.

*

இத்தாலியில் ஆதிமூலத்துக்கு ஓர் அண்ணன் உண்டு என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். மிலானில் 1907இல் பிறந்த புரூனோ முனாரி. ஓவியர், சிற்பி, புத்தக வடிவமைப்பாளர், குழந்தைகளுக்குப் புத்தகம் செய்தவர். 1930களில் அட்டையும் குச்சியும் நூலும் கொண்டு காற்றில் மெல்லத் திரும்பும் பொருள்களைத் தொங்கவிட்டு, அவற்றுக்குப் பயனற்ற இயந்திரங்கள் என்று பெயர் வைத்தார். எழுத்தே இல்லாமல், தாளும் நிறமும் வெட்டும் மட்டுமே பேசுகிற புத்தகங்களும் செய்தார்.

அவர் செய்ததில் என் மனசு போய் நிற்பது 1964இல் செய்த ஒரு விளக்கில்தான். பெண்களின் நீளக் காலுறைக்கான துணியை எடுத்துக்கொண்டார். அந்தக் குழாய்க்குள் சிறிதும் பெரிதுமாக உலோக வளையங்களை இட்டார். மேலே மாட்டித் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே இழுபட்டு, இடைக்கிடை பருத்தும் சிறுத்தும், ஆள் உயரத்துக்கு இறங்கும். கழற்றினால் மடிந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கும். வளைவை அவர் வரையவில்லை. துணியின் இழுப்பும் வளையத்தின் எடையும் போட்ட வளைவு அது.

பல துறையில் கை வைத்தவரைப் பற்றி, ஒன்றிலாவது நின்றிருக்கலாமே என்று இங்கேயும் அங்கலாய்ப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தாளில் மை எப்படிப் பரவும், தறி எதை ஏற்கும், காலுறைத் துணி எவ்வளவு இழுபடும் என்று ஒவ்வொரு பொருளிடமும் போய்க் கேட்டவர்கள் இவர்கள். கேட்கிற மனசு ஒன்றாகவே இருந்தது. தறியிடம் கேட்ட கேள்விகளில் ஏதோ ஒன்று ஆதிமூலத்தின் பிற்கால நிறவெளிகளுக்குள்ளும் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

*

2008 ஜனவரி 15, பொங்கல் நாளில் ஆதிமூலம் காலமானார்.

அம்மா சேலையின் கிளியை யார் வரைந்தார்கள்? எந்த ஊரில், எந்த மேசையில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினார்கள்? சேலையில் பெயர் இல்லை. அம்மா அதைத் தீபாவளிக்குக் கட்டினாள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போர்த்திக்கொண்டாள். இரண்டு பேரப்பிள்ளைகள் அதன் மடியில் தூங்கினார்கள்.

*

வெளிச்சம் வந்துவிட்டது. பேத்தியின் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ‘ஆ’ எழுதப் பார்க்கிறேன். கட்டங்களை மட்டும் நிரப்ப வேண்டும், கோடு இழுக்கக் கூடாது. இடப்பக்கச் சுழி எளிதாக வந்தது. நடுத்தண்டும் வந்தது. கடைசியில் கீழே இறங்கித் திரும்பும் வால்தான் வரவில்லை. மூன்று முறையும் முறிந்த கொக்கி மாதிரி நிற்கிறது.

ஒரு கட்டத்தை அழித்துவிட்டு அதற்குக் கீழே இருந்ததை நிரப்பினேன். வால் திரும்பிற்று.