முதற் கவளம் யாருக்கு?

அறுவடைக் காலத்தில் சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சென்றிருப்போர் அறிவர். நம் மக்கள் 'மல்லாட்டை' என வழங்கும் மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எடை போட்டு, விலை படிந்து, பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு சிறு விவசாயி ஊர் திரும்புவார். அன்றிரவு அவர் பிள்ளைகளின் தட்டில் இருப்பதோ பங்கீட்டுக் கடை அரிசிச் சோறும் நீர்த்த இரசமுமே. ஊருக்கெல்லாம் சத்தை விளைவித்த வீட்டில் அச்சத்து தங்கவில்லை. இதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது என்று தெரியவில்லை. ஆயினும் நம் மனச்சான்று அமைதியடைய மறுக்கிறது.

இத்தகைய குடும்பங்களைக் கைதூக்கிவிட விரும்பும் நல்லோர் பலர் சோயா மொச்சையைப் பரிந்துரைக்கின்றனர். அதற்குத் தக்க காரணங்களும் உள்ளன. அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம், 20 விழுக்காடு எண்ணெய். துவரம்பருப்பில் உள்ள புரதம் இதில் ஏறக்குறையப் பாதியே. மூன்று மாத அளவில் விளைந்துவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்த்துத் தருகின்றன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதற்கெனக் 'கோ' ரகங்களை வெளியிட்டுள்ளது. உடலுக்குச் சத்தும் கைக்குக் காசும் ஒரே விதையால் கிட்டும் என்பது இவர்களின் நம்பிக்கை. இவ்விரு நன்மைகளும் தாமாகவே கைகோத்து வருமா என்பதே நம் கேள்வி.

மத்தியப் பிரதேசத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1960களில் ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும் இணைந்து அங்கே சோயாவை ஆய்ந்தன. மழைக்காலத்தில் தரிசாய் விடப்பட்டிருந்த மாளவத்துக் கரிசல் நிலங்களில் அப்பயிர் விரைந்து பரவிற்று. உழவர் கையில் பணம் புழங்கியது; அதை மறுப்பது நன்றியாகாது. ஆனால் விளைந்தவற்றிற் பெரும்பகுதி எண்ணெய் ஆலைகளுக்கே சென்றது. எண்ணெய் பிரிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கில்தான் புரதம் தங்குகிறது. அது அயல்நாட்டுக் கால்நடைகளுக்கும் நம் நாட்டுக் கோழிகளுக்கும் தீவனமாயிற்று. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்விலோ, அம்மாநிலத்தின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 60 விழுக்காட்டினர் எடை குறைந்தோராய் இருந்தனர். அதற்குக் காரணங்கள் பல உண்டு. சோயாவின்மீது பழி சுமத்துவது முறையன்று. பின்னாளில் நிலைமை தேறியதும் உண்மையே. ஆயினும் வயலில் புரதம் நிறைந்தமையால் மட்டும் தட்டில் அது நிறைந்துவிடவில்லை என்பது தெளிவு. விலையும் எப்போதும் துணைநிற்கவில்லை. 2024இல் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருந்தும், சந்தை விலை அதற்குக் கீழே சரிந்தது. உழவர்கள் வீதிக்கு வந்து போராடினர்.

இப்பாடம் நமக்கும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆற்காட்டுச் சீமையின் மணிலா, புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. அதே நூற்றாண்டில்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் இம்மண்ணை வாட்டியது. அன்று கஞ்சிக்காகக் கையேந்தி நின்றோரின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர் உள்ளோம். தொலைவிலுள்ள சந்தைக்கு விளைவிக்கும் கை பசியிலும் வாடக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கு நேர்மையான ஒரு மறுப்பு எழும். 'வட்டிக்காரருக்கு விடை சொல்ல வேண்டியவர் அந்த உழவர்; மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வேண்டியவரும் அவரே. அவருக்கு வேண்டியது பணம். எதை விற்பது, எதை உண்பது என்று அவருக்குச் சொல்ல நீங்கள் யார்?' இம்மறுப்பை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். உழவர்களே தங்கள் முன்னேற்றத்தின் முதன்மைச் செயலாளர்களாய் இருத்தல் வேண்டும் எனத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலிலேயே கற்பித்துள்ளார். ஏழையின் சட்டியை எட்டிப் பார்த்துக் கட்டளையிடும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனால் உதவ முன்வரும் நமக்கு ஒரு கடமை உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்கிறது இணைச்சட்ட நூல். பாடுபடும் உழவரே விளைச்சலில் முதற்பங்கு பெற வேண்டும் எனத் திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்த முதற்பங்கு வெறும் ரூபாய்க் கணக்கு என்று நாம் எண்ணிவிட்டோம். விதை கொடுத்தோம், கடன் கொடுத்தோம், எத்தனை மூட்டை, எவ்வளவு வருமானம் என அறிக்கையும் எழுதினோம். அவ்வீட்டுச் சிறுபிள்ளை அதில் ஒரு பிடியாவது உண்டதா எனக் கேட்டோமா? கேட்கவில்லை என்பதே நம் பாவ அறிக்கை.

கேட்கத் தொடங்குவோமானால் நம் உதவியின் முறையே மாறும். சோயாவை விதைக்கக் கற்பிக்கும் அன்றே சமைக்கவும் கற்பிப்போம். பச்சையாக உண்டால் அது செரிமானத்தைத் தடுக்கும். இரவு ஊறவைத்து, நன்றாக வேகவைத்தல் இன்றியமையாதது. வெந்ததைச் சுண்டலாக்கலாம், உலர்த்தி அரைத்துக் கேழ்வரகு மாவுடன் சிறிதளவு கலந்து அடை தட்டலாம். கடையில் வாங்கும் 'மீல்மேக்கர்' எண்ணெய் நீக்கிய சோயா மாவே என்பதைத் தாய்மார்கள் அறிந்தால், அந்நியப் பயிர் என்னும் அச்சமும் நீங்கும். பயிற்சிக் கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் அழைக்கும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். எந்த மூட்டை விலைக்கு, எந்தப் படி அடுப்புக்கு என்னும் முடிவில் இல்லாளுக்கும் இடம் வேண்டும். விற்கும் முன் வீட்டுக்கென ஒரு மரக்காலாவது எடுத்து வைக்கும் பழக்கம் வேரூன்றினால், விலை சரிந்த ஆண்டிலும் அடுப்பு முற்றிலும் அணையாது.

நாம் வாழும் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மலையைச் சுற்றி வருவோருக்கு வழிநெடுகச் சோறிடுகின்றனர். பசித்தவர் எந்த ஊர், எந்தக் குலம் எனக் கேளாமல் இலை போடும் அந்த மரபைக் கண்டு நாம் உள்ளம் நெகிழ்கிறோம். அந்தச் சோற்றை விளைவித்த வீட்டிலும் இலை விழ வேண்டும் என்பதே நம் வேண்டுதல். அடுத்த அறுவடைத் திருநாளில் முதற்பலனைப் பீடத்தின்முன் கொண்டுவருவோர், தம் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டிவிட்டு வரட்டும். அதனால் காணிக்கை ஒரு பிடி குறைந்தால், அந்தக் குறைவையும் ஆண்டவர் மனமுவந்து ஏற்பார் என நாம் நம்புகிறோம்.