பாழ்நிலம் யாருக்குச் சொந்தம்?

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் இப்போது கலிபோர்னியாவில் தொழில் செய்கிறான். நோன்புப் பெருநாளன்று தொலைபேசியில் ஸலாம் சொன்னவன், பேச்சோடு பேச்சாகக் கேட்டான்: "சேர், மொஹாவி பாலைவனத்தில அஞ்சு ஏக்கர் காணி விலைக்கு வருகுது. ஜீப், மோட்டார் சைக்கிள் ஓடுறதுக்கெண்டு அரசாங்கம் உட்ட வெளி பக்கத்திலதான் இரிக்கி. லீவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கலாம். விலை ஏறினா விக்கலாம். வாங்கட்டா?"

அங்கே குழாய் நீரில்லை, மின்சாரமில்லை. பாதை தெரிந்தாலும் அதில் போகும் உரிமை உறுதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் அவனுக்கே தெரியும். என் மனம் வேறொன்றில் தட்டி நின்றது. குடியிருக்கவோ பயிரிடவோ நினைக்காத நிலத்தை ஒருவன் தனதென்று சொல்வது எதன் பேரில்?

கேள்வி பழையது. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அது உரியது என்பது பிக்ஹில் நாமறிந்த விதி. எல்லைக் கல் நட்டுவிட்டு மூன்றாண்டுகள் சும்மா விட்டவனுக்கு உரிமையில்லை என்ற தீர்ப்பைக் கலீபா உமர் (ரழி) அவர்களோடு சேர்த்துச் சொல்வர். அமெரிக்கச் சட்டமும் ஒருகாலத்தில் இதற்குக் கிட்ட வந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி மொஹாவியில் ஐந்து ஏக்கர் வரை அரச காணியைக் குத்தகைக்குப் பெற்றவர்கள், சிறு குடிலாவது கட்டினால்தான் அதைச் சொந்தமாக்க முடிந்தது.

பிறகு வந்த தனியார் விற்பனையில் பணமே போதுமென்றாயிற்று. 1958இல் நெட் மெண்டல்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் சுமார் 80,000 ஏக்கர் பாலையை வாங்கி, வீதி போட்டுத் துண்டு துண்டாக விற்றார். அதுதான் கலிபோர்னியா சிட்டி. பரப்பில் அம்மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடிசனம் சுமார் 15,000. பெயர் வைத்த வீதிகள் பல வீடின்றிக் கிடக்கின்றன. காணிக்காரர் உண்டு, ஆளில்லை.

ஆகவே உழைப்பவனுக்கே நிலம் என்று அவனுக்குச் சொல்லிவிட நினைத்தேன். பாலைவனம் அதற்கும் இடம் தரவில்லை. 1942இல் ஜெனரல் பற்றனின் பயிற்சி முகாமில் ஓடிய தாங்கிகளின் தடங்கள் இன்றும் அந்த மண்ணில் தெரிகின்றன. அங்குள்ள கிரியோசோட் புதர் வட்டம் ஒன்றின் வயது சுமார் 11,700 ஆண்டுகள் என மதிப்பிட்டிருக்கிறார்கள். அச்சுறுத்தலுக்குள்ளான இனமென 1990இல் பட்டியலிடப்பட்ட பாலைவன ஆமை, வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையிலேயே கழிக்கிறது. மேலே ஜீப் ஓட்டுபவருக்குக் கீழே ஓர் உயிர் இருப்பது தெரியாது. இறந்த நிலம் என்று நாம் சொல்வது, நமக்குப் பார்க்கத் தெரியாத நிலத்தைத்தானோ?

அப்படியானால் அங்கே கை வைக்காமல் விடுவதே பராமரிப்பு. ஆனால் விலை ஏறட்டுமென்று காத்திருப்பவனும் கை வைப்பதில்லையே. இருவர் காணியும் பார்வைக்கு ஒன்றுபோலவே கிடக்கும். ஒருவன் அங்கே என்ன இருக்கிறதென்று அறிந்து, அதற்குப் பொறுப்பேற்று விலகி நிற்கிறான். மற்றவனுக்கு அது உறுதியில் எழுதிய ஓர் இலக்கம் மட்டுமே. உரிமையின் நியாயம் இந்த அறிதலில்தான் இருக்கிறதென்று எனக்குப் படுகிறது.

இதை எழுதும்போது, ஊருக்கு வெளியே நான் வாங்கிப்போட்ட இருபது பேர்ச் காணி நினைவுக்கு வருகிறது. அதில் என்ன மரம் நிற்கிறதென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"வாங்குவதற்கு முன் ஓர் இரவு அங்கே தங்கிப் பார், காலையில் நடந்தே சுற்றிப் பார்" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து அழைத்தான்.

"சேர், காணிக்குள்ள ஒரு வளை இரிக்கி. வாய் அரைவட்டமா இரிக்கி."

"வாங்கப் போறியா?"

"வாங்கினா ஜீப்ப உள்ள உடேலா. விக்கப் போனாலும் வாறவனுக்கு இதச் சொல்லணும்."

அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. நான் சனிக்கிழமை என் காணியைப் பார்க்கப் போகிறேன்.