மழைக்கு ஏறும் கூலி

இன்னொருவரின் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா? இப்படிக் கேட்டால் யாரும் கூடாது என்றுதான் சொல்வார்கள். டிசம்பர் 24 மாலை, வெளியே இடியும் மழையுமாக இருக்க, வீட்டில் வெண்ணெய் தீர்ந்துபோனால் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நடந்தது. எனக்கு பாயான் லெப்பாஸில் ஆறு மணி வரை வேலை. அம்மா அச்சு முறுக்கை முடித்துவிட்டு கேக்கில் கை வைத்தபோதுதான் வெண்ணெய் பத்தாதென்று தெரிந்தது. தம்பி போனை எடுத்தான். "இந்த மழையில ஒரு பையன மோட்டார்ல வரவைக்கிறியே, பாவம் இல்லையா?" என்றார் அத்தை. அப்பா விடவில்லை. "பாவம் பாத்து நீ வாங்காம விட்டா, அவனுக்கு இன்னிக்கு வரும்படி யாரு குடுப்பா?"

இருவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. சண்டை நடக்கும்போதே அம்மா பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் மார்ஜரின் வாங்கி வந்துவிட்டார். கேக் விஷயம் முடிந்தது, கேள்வி முடியவில்லை.

மழையென்றால் சும்மா தூறல் இல்லை. வடகிழக்குப் பருவமழை கிளந்தான், திரங்கானு பக்கம்தான் கொட்டும், நமக்குப் பயமில்லை என்ற நம்பிக்கை 2017 நவம்பர் 4 இரவோடு போயிற்று. அந்தப் புயல்மழையில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் ஜார்ஜ் டவுன் லெபு கெரெஜாவில் காற்றில் மரம் சாய்ந்து, வண்டிக்குள் இருந்த இரண்டு சுற்றுப்பயணிகள் இறந்தார்கள். கூரை உள்ள வண்டிக்கே அந்தக் கதி.

"அவர் விருப்பப்பட்டுத்தானே வருகிறார்" என்பது அப்பா கட்சி. நான் வேலை செய்யும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது, முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால் ஊழியர் அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் டெலிவரி ஓட்டுபவர் பொதுவாக 'ஊழியர்' கணக்கில் வருவதில்லை. எங்கள் ஆலையில் ஆபத்து ஏறினால் வேலை நிற்கும். சாலையிலோ மழை வலுக்க வலுக்கக் கட்டணம் ஏறுகிறது. வாடகை கட்ட வேண்டியவருக்கு அது விருப்பமா, தூண்டிலா? 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்கெசோ காப்புறுதி உண்டு, நல்லதுதான். ஆனால் விழுந்த பிறகு கிடைக்கும் பணம் வேறு, விழுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டும் உரிமை வேறு.

அத்தையின் இரக்கத்தையும் முழுசாக ஏற்க முடியவில்லை. அத்தை பக்தி உள்ளவர். பாலன் பிறந்த செய்தி முதலில் இரவுக் காவலில் இருந்த இடையர்களுக்குத்தான் போனது என்று லூக்கா எழுதியதை அன்றும் நினைவுபடுத்தினார். சரி, ஆனால் ஆர்டர் போடாமல் விட்டால் கை சுத்தம் நமக்கு, நஷ்டம் அவருக்கு.

யோசித்தால், நாம் காசு கொடுத்து வாங்குவது வெண்ணெயை மட்டுமில்லை, அவசரத்தையும். வெண்ணெய் ஒன்பது மணிக்கு வந்தாலும் வெண்ணெய்தான். அவசரம் நம்முடையது, அதன் பாரத்தையும் நாமே சுமக்க வேண்டும் என்பது என் கட்சி. "மழை விட்டதும் வாங்கண்ணே, அவசரமில்ல" என்று எழுதி அனுப்பலாம். ஆனால் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது நானில்லையே, செயலி. தாமதத்துக்கு வாடிக்கையாளர் சம்மதித்தால் ஓட்டுபவருக்கு ஒரு காசும் குறையாது என்று ஒரு பொத்தான் வைப்பது, பொறியாளனாகச் சொல்கிறேன், பெரிய வேலையே இல்லை. மனம்தான் வேண்டும்.

பினாங்கு ரோட்டுப் பழைய கடைகளின் ஐந்தடிப் பாதையில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் டெலிவரிக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இடி அடங்கட்டும்னு பாக்குறேன் தம்பி. போன் விடமாட்டேங்குதே" என்றார். மூன்றாவது தடவை அது அடித்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.