ஓடிவரும் பாட்டும் பாத்திரத்தில் வைத்த மன்னாவும்



யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தில் மன்னாவைப் பற்றி இரண்டு கட்டளைகள் காணப்படுகின்றன. முதலாவதை எல்லாரும் அறிவோம். அன்றன்றைக்கு வேண்டியதை மாத்திரம் பொறுக்கிக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கென்று வைக்கலாகாது. வைத்தவர்களுடைய மன்னா புழுத்து நாறிப்போயிற்று. இரண்டாவது கட்டளையை ஞானோபதேசத்தில் கேட்டிருந்தும் அநேகர் மறந்துவிடுகிறோம். அதே மன்னாவில் ஒரு கோமோர் அளவு எடுத்து, பாத்திரத்திலே போட்டு, பின்வரும் தலைமுறைகள் காணும்படி காப்பாற்றி வைக்கச் சர்வேசுரன் மோயீசனுக்குக் கட்டளையிட்டார். ஆரோன் அவ்விதமே வைத்தார். தினமும் வருவதைச் சேர்த்து வைக்காதே என்றவர்தாமே கொஞ்சம் எடுத்து வை என்றும் சொன்னாரே, இது என்ன? சாப்பிடுகிறது ஒன்று, பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது வேறொன்று.

பாட்டுக் கேட்கிற விஷயத்தில் இதை யோசித்துப் பாருங்கள். கேசட்டுப் பெட்டி இருந்த வீட்டில் பிறகு சி.டி. வந்தது. அப்புறம் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தந்தார்கள். 8 ஜி.பி. கார்டில் 1,500 பாட்டுக்குக் குறையாமல் அடங்கும். கார்டு நம்முடையது, ஆகையால் பாட்டும் நம்முடையது என்று எண்ணினோம். மெய்தானா? அந்த வகையில் ஏற்றின பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாடினவனுக்கும் இசையமைத்தவனுக்கும் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. ஏழாம் கற்பனை பக்கத்து வீட்டுக் கோழிக்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. இப்போது சந்தா கட்டியோ, விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டோ இணையத்தில் ஓடிவரும் பாட்டைக் கேட்கிறவர்கள், அந்த மட்டில் நேர்மையான வழிக்கு வந்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நியாயமில்லை.

ஆனால் அந்தப் பாட்டு எங்கேயிருந்து வருகிறது? நெம்மேலிக்காரருக்கு இதை விளக்கத் தூரம் போகவேண்டாம். கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ல் இங்கே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் இரண்டாவது நிலையம், 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. அங்கே குழாயைத் திறக்கிற அம்மாள், தண்ணீர் வருகிற வரையில் நெம்மேலியை நினைப்பதில்லை. கிணறு வைத்திருக்கிறவளுக்கோ வேலை அதிகம். தூர் வாரவேண்டும், கயிறு பார்க்கவேண்டும். குழாய் நல்லதுதான். குழாய் வந்ததென்று கிணற்றைத் தூர்த்து மூடிவிடுவதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

குழாய் நின்றுபோவதும் நடந்திருக்கிறது. 2014-ல் தொடங்கிய ஏர்டெல் கம்பெனியின் விங்க் மியூசிக் 2024-ல் மூடப்பட்டது. 2023-ல் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உடன்பாடு ஏற்படாமல் போகவே, அந்தக் கம்பெனியின் பாட்டுகள் ஒரே நாளில் கேட்கிறவர்களின் பட்டியலிலிருந்து மறைந்தன. போனில் இறக்கி வைத்திருக்கிறேனே என்பீர்கள். அந்த இறக்கம் செயலிக்குள் பூட்டிவைத்த இறக்கம். 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொடாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் அது பாடாது. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். ஃபிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் தொடங்கி, பூட்டில்லாத எம்.பி.3 ஃபைல்களை விற்றது. மறு வருஷமே கடையைச் சாத்திவிட்டார்கள். என்றாலும் அங்கே காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தினவன் வீட்டில் அந்தப் பாட்டு இன்றைக்கும் பாடும்.

பத்திரப்படுத்தினவன் என்றேன். அந்தப் பொறுப்பைக் கம்பெனிக்காரன் தலையில் கட்டிவிட்டுத் தூங்கமுடியாது. மைஸ்பேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2015-க்கு முன் தன்னிடம் ஏற்றப்பட்டிருந்த பாட்டுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போது இழந்துவிட்டதென்று 2019-ல் தெரியவந்தது. ஏறக்குறைய ஐந்து கோடிப் பாட்டுகள்! அவற்றில் எத்தனையோ சிறு குழுக்களின் பாட்டுக்கு வேறு பிரதி இருந்திராது.

7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். இசிதோர், ஒலியை எழுதிவைக்க வழியில்லாததால் மனிதர் நினைவில் நிறுத்தாவிட்டால் அது அழிந்துபோகும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். நாலு நூற்றாண்டு கழித்துத்தான் குயிதோ என்ற சந்நியாசி கோடு வரைந்து சுரம் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதுவரையில் திருச்சபையின் கீதங்களைச் சுமந்து வந்தது பாடகர்களின் நெஞ்சுதான். தேவமாதா தம் திருக்குமாரனைப் பற்றினவைகளை இருதயத்தில் காத்து வைத்ததும் நமக்கு நினைவு வரலாம்.

இப்போது நம் கரையைப் பாருங்கள். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை, நம் குப்பத்துப் பெரியவர் பாடுகிற விதமாய், எந்தச் சந்தாவில் கேட்பீர்கள்? தபசுகாலத்தில் சிலுவைப்பாதைக்கு ஆயா ராகம் இழுத்துப் பாடுகிறாளே, அது எந்தக் கம்பெனியின் களஞ்சியத்தில் இருக்கிறது? அவை ஓடிவரும் வெள்ளத்தில் சேரவே இல்லை. சேராததை அது கொண்டுவரவும் மாட்டாது. இயந்திரம் வைத்து வலை இழுக்கிற காலத்தில் பாட்டுக்கு வேலையும் குறைந்துவிட்டது. பாடத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் கல்லறைக்குப் போகிறார்கள். சினிமாப் பாட்டு போனால் வேறு வழியில் திரும்பி வரும். இது போனால் வராது.

ஆகையால் குடும்பத் தலைவர்களே, தினசரி மன்னாவைக் குழாயிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கோமோர் அளவை மாத்திரம் எடுத்து வையுங்கள். கையில் இருக்கிற போனே பதிவு செய்யப் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆயாவைத் திண்ணையில் உட்காரவைத்து, அவள் பாடி முடிக்கிற வரையில் குறுக்கே பேசாமல் பதியுங்கள். அவள் சம்மதமில்லாமல் வாட்ஸாப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாதேயுங்கள். பிள்ளைகளில் ஒருவனாவது பக்கத்திலிருந்து கூடவே பாடிப் பழகட்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருக்கட்டும். பாடினவர் பெயர், ஊர், வருஷம் இம்மூன்றையும் ஃபைலின் பெயரிலேயே எழுதுங்கள். வெறும் எண்ணோடு கிடக்கிற ஃபைலை இருபது வருஷம் கழித்துத் திறக்கிற பேரன், இது யார் குரலென்று கேட்க ஆளில்லாமல், இடம் போதவில்லையென்று அழித்துவிடுவான்.