முறை

போன மாதம் நண்பர் ஒருவர் கிரேக்க நாட்டைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். வெளிநாடு போய் வருகிறவர்கள் சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவந்து கொடுப்பது உலக வழக்கம். இவர் என் குணம் தெரிந்தவர். ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். அந்த நாட்டில் தீவுகளுக்கு ஜனங்களை ஏற்றிப் போகும் ஒரு கம்பெனி, தன்னுடைய நவீனக் கப்பல்களின் பெருமையை வர்ணப் படங்களோடு அச்சிட்டிருக்கும் புத்தகம். ‘புளூ ஸ்டார் டீலோஸ்’ என்று அதில் ஒரு கப்பல். 2011-ல் கொரியாவில் கட்டி முடித்தது. ஒரே நடையில் சுமார் 2400 பேர் போகலாம். அதன் வயிற்றுக்குள் கார்களும் லாரிகளும் அணிவகுத்து நிற்கின்றன. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போக ஒரு விலை; உள்ளே சாய்வு நாற்காலிக்கு ஒரு விலை; கட்டில் போட்ட அறைக்கு ஒரு விலை.

புத்தகத்தை மூடிவிட்டு, “நம் குகனுக்கு இந்த யோகம் இல்லையே!” என்றேன். நண்பர் சிரித்தார். அவரும் நாஞ்சில் நாட்டுக்காரர். குகன் யார் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். கழகம் தோன்றியது 1974-ல். இங்கே படகு விடத் தொடங்கியது 1984-ல். குகன், பொதிகை, விவேகானந்தா என்று மூன்று படகுகள் நெடுங்காலம் ஓடின. பிற்பாடு தாமிரபரணி, திருவள்ளுவர் என்று குளிர்சாதன வசதியுள்ள இரண்டு புதுப் படகுகள் வந்து சேர்ந்தன. 2024 டிசம்பர் 30 அன்று, பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். நமக்கும் நவீனம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கிரேக்கர்களுக்கும் நம் குமரிக்கும் பழைய பழக்கம் உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழி பேசும் ஒரு கடல் வணிகன் ‘பெரிப்ளூஸ்’ என்ற வழிநூலை எழுதி வைத்தான். அதில் குமரியைச் சொல்லும்போது, அங்கே வந்து நீராடி நோன்பிருக்கும் ஆண்களையும் பெண்களையும் பற்றிச் சொல்கிறான். துறையைப் பார்க்க வந்தவன் கண்ணில், துறையில் நின்ற மனிதர்களும் பட்டிருக்கிறார்கள். நானும் இங்கே படகைப் பற்றிப் பேசுவதைவிட, படகுக்காகக் கரையில் நிற்கிறவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், என் மைத்துனன் பம்பாயிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வரும் காலம். படகுத்துறையிலிருந்து புறப்பட்ட வரிசை தெருவுக்கு வந்து, வளைந்து, கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் முடிந்தது. “அத்தான், ராத்திரி ரயிலைப் பிடிக்கணும்” என்றான் மைத்துனன். சாதாரணச் சீட்டைப் போல நான்கு மடங்கு கொடுத்தால் சிறப்புச் சீட்டு உண்டு. அதற்குத் தனி வழி. விதியில் இருக்கிற ஏற்பாடுதான். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. நானே போய் ஏழு சீட்டு வாங்கினேன்.

வரிசையை ஒட்டியே எங்கள் வழி போயிற்று. வாசலுக்கு அருகில் ஒரு கிழவி, இடுப்பில் பேரக் குழந்தையோடு நின்றாள். அவளுக்கு முன்னால் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். எங்களைப் பார்த்து, “அண்ணாச்சி, நாங்க வெள்ளனயே வந்து நிக்கோம்” என்றாள். நான் சீட்டைக் காட்டினேன். “ரூவா கூடவா? சரி, போங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. எங்களோடு படகு நிறைந்தது, வாசல் அடைபட்டது.

பாறையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே காற்று கிளம்பிவிட்டது. கடல் சரியில்லை என்று அன்றைக்குப் படகை நிறுத்திவிட்டார்கள். பாறையில் இருந்தவர்களை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் கரையேறியபோது வரிசை கலைந்திருந்தது. கிழவியைக் காணவில்லை. அவளுக்கு முன்னால் ஐந்தாறு பேர். நாங்கள் ஏழு பேர். இந்தக் கணக்குக்கு அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

ரயிலடியில் வைத்து மைத்துனனிடம் சொன்னேன். அவன் புத்திசாலி. “நேரம் இல்லாதவன் பணம் கொடுக்கிறான், பணம் இல்லாதவன் நேரத்தைக் கொடுக்கிறான். இதில் என்ன அநியாயம், அத்தான்? நாம் கொடுத்த பணத்தால் படகும் நன்றாக ஓடும். அந்தப் பாட்டிக்கும் அதில் லாபம்தானே?” என்றான். ரயில் போய்விட்டது. எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில் கிடைத்தது வேறொரு துறையில். நாஞ்சில் நாட்டுக்குப் பேச்சிப்பாறை அணை வந்தது 1906-ல். அணை வந்த பிறகும் மழை பொய்த்த வருஷங்களில் கடைமடை வயல்கள் காய்ந்ததுண்டு. அப்படிப்பட்ட காலத்தில் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று கணக்கு. ஒரு வருஷம் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பு என் பாட்டாவிடம் இருந்தது. வசதியான மனிதர் ஒருவர் ராத்திரியில் வந்து, கடைமடைக்காரனின் முறையைத் தமக்குத் திருப்பிவிட்டால் ஒரு கோட்டை நெல் தருவதாகச் சொன்னாராம். அந்த நெல்லை ஊர்ப் பொதுவுக்கே வைத்துக்கொள்ளலாம், வாய்க்கால் மராமத்துக்கு ஆகும் என்றும் நியாயம் சொன்னாராம். பாட்டா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “எனக்க முறையக் கேட்டா நான் சும்மாவே தாறேன். அடுத்தவனுக்க முறைய நான் எப்பிடி விக்க முடியும்?” என்றாராம்.

இந்தக் கதையைச் சிறுவயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது தண்ணீர்க் கதையாகத்தான் இருந்தது.

என் மைத்துனனின் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. பணத்துக்கு நேரத்தை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. மாற்றிக்கொள்கிற இருவரும் சம்மதித்தால். ஆனால் நான் கொடுத்த பணம் கிழவியின் கைக்குப் போகவில்லை. போனதெல்லாம் அவளுடைய நேரம். குளிர்சாதன அறைக்குக் கூடுதல் விலை வைக்கட்டும். நான் ஆட்சேபிக்க மாட்டேன். கிரேக்கக் கப்பலில் கட்டிலுக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை என்று இருப்பதும் அப்படித்தான். கட்டிலும் குளிர்ந்த காற்றும் கப்பல்காரன் உண்டாக்கியவை, உண்டாக்கியவன் விற்கலாம். முறையை உண்டாக்கியது யார்? விடியற்காலையில் எழுந்து வந்து, குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றிச் சுமந்து நின்றவள். அதை விற்க அவளைத் தவிர வேறு யாருக்கு உரிமை? இது படகுத்துறைக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. கோயிலிலும் இதே சீட்டு இருக்கிறது. வைத்தியசாலையிலும் வேறு பெயரில் இருக்கிறது. வாங்குகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

‘அப்படியானால் வரிசை என்ற ஒன்றே தர்மமா? முன்னால் வந்தவன் முன்னால் போவது என்பதைத் தவிர நியாயம் கிடையாதா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒழுங்கு ஒன்றையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கிரேக்க நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பிரேயஸ் துறைமுகத்தில், கிரீட் தீவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய பயணிக் கப்பலில், கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து ஏறப் பார்த்தான் ஒருவன். பின்பக்கத்துச் சாய்தளத்தில் நின்ற ஊழியர்கள் அவனைத் தடுத்துத் தள்ளினார்கள். அவன் கடலில் விழுந்து இறந்தான். கப்பல் புறப்பட்டது. நாடே கொதித்தது, கப்பல் துறை மந்திரி பதவி விலகினார். புறப்படும் நேரம் தவறக் கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால் அந்த விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் எதிரே நின்றவனை மனிதனாகப் பார்க்கவில்லை.

தமிழில் ‘முறை’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். எனக்கு உரிய தருணம் என்பதும் முறைதான். நீதி என்பதும் முறைதான். அத்தை முறை, மாமன் முறை என்று உறவைச் சொல்வதும் அதே சொல்லால்தான். நம் முன்னோர்கள் வேறு சொல் அகப்படாமல் இப்படி வைத்துவிட்டதாக நான் எண்ணவில்லை. உறவு இல்லாத ஒழுங்கு, பிரேயஸ் துறைமுகத்தில் ஒருவனைத் தண்ணீரில் தள்ளியது. ஒழுங்கு இல்லாத உறவோ, ‘நம்ம ஆள்’ என்று பின்வாசலைத் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி. கர்ப்பிணியையும் நோயாளியையும் முன்னால் விடும்போது வரிசை குலைவதில்லை. நிற்கிற ஒவ்வொருவரும் தம் முறையில் கொஞ்சத்தை மனசறிந்து கொடுக்கிறார்கள். கொடுப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நூற்றுக்கணக்கான ஜனங்கள் பாறையில் அகப்பட்டுக்கொண்டார்கள். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போன நாள் அது. கடற்கரைக் குப்பங்களில் பிணங்கள் கிடந்தன. அந்த நிலையிலும் மீனவர்கள் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் இருந்தவர்களைக் கரைசேர்த்தார்கள். அன்று எவர் கையில் என்ன சீட்டு இருந்தது என்று அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

படகுக்குக் குகன் என்று பெயர் வைத்தவர் யாரோ, யோசித்துத்தான் வைத்திருப்பார். கங்கையைக் கடத்திவிட்ட அந்த ஓடக்காரனுக்கு ராமன் கொடுத்தது கூலி அல்ல. தம்பி என்ற முறை.

போன வருஷம் மைத்துனன் மறுபடியும் வந்தான். மறுபடியும் கூட்டம், மறுபடியும் ராத்திரி ரயில். “அத்தான், வரிசையில் நிற்க நேரமில்லையே” என்றான். “நேரமில்லை என்றால் கரையிலிருந்தே பார்த்துவிட்டுப் போவோம்” என்றேன். அவனுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் கூடவே நின்றான். அந்தி வெயிலில் பாறையும் சிலையும் நன்றாகத்தான் தெரிந்தன. அந்தக் கிழவியும் அன்றைக்கு இப்படித்தான், குழந்தைக்குக் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போயிருப்பாள்.