வசையும் விண்ணப்பம்தான்

சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது நன்றி வாயில் வருகிறது, வேண்டுதலும் வருகிறது. கோபம் மட்டும் வருவதில்லை. ‘என்னை ஏன் நட்டாற்றில் விட்டாய்?’ என்ற கேள்வி தொண்டைவரை வந்து திரும்பிவிடுகிறது. இப்படியெல்லாம் கேட்கலாமா என்று நாமே அதன் வாயைப் பொத்திவிடுகிறோம்.

மாணிக்கவாசகர் பொத்தவில்லை. திருவாசகத்தில் ஆறாவதாக வரும் நீத்தல் விண்ணப்பத்தை அவசரமில்லாமல், மாலைக்கு ஒரு பாட்டாக வாசித்துப் பாருங்கள். பாண்டியனின் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வந்தவர் அவர். திருப்பெருந்துறைக் குருந்த மரத்தடியில் ஆட்கொண்ட குருவோ மற்ற அடியார்களை அழைத்துக்கொண்டு மறைந்துவிட்டார் என்கிறது மரபு. நம்பி வந்த இடமும் கைவிட்டால் எங்கே போவது? அந்தத் தவிப்புதான் உத்தரகோசமங்கையில் 50 பாடல்களாக வந்தது. என்னை விட்டுவிடாதே என்ற ஒன்றைத் தவிர வேறு கோரிக்கை அதில் இல்லை.

தன்னை அவர் ஆற்றங்கரை மரம் என்கிறார். இருபுறமும் எரியும் கொள்ளிக்குள் சிக்கிய எறும்பு என்கிறார். ஆசைகளையும் ஒளிக்கவில்லை. முடியும் தறுவாயில் கெஞ்சல் மிரட்டலாகிறது. கைவிட்டாயானால் ஊர் சிரிக்கும்படி உன்னை ஏசுவேன்: யானைத்தோல் போர்த்த பித்தன், நஞ்சுண்ட பித்தன், சுடுகாட்டுப் பித்தன் என்று. அந்த வரிசை எங்கே முடிகிறது தெரியுமா? என்னைப் போன்றவனையும் ஆளாக ஏற்றுக்கொண்ட பித்தன் என்பதில். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இங்கே கண் கலங்கும். வசவின் அடியில் கிடந்த அன்பு, வசவு முழுவதும் வெளியே வந்த பிறகுதான் வெளிப்படுகிறது. கோபத்தை விழுங்கியிருந்தால் இந்தச் சொல் அவருக்கே தெரிந்திருக்காது.

இத்தனை கொந்தளிப்பும் கட்டளைக் கலித்துறை என்ற யாப்பில் அமைந்திருக்கிறது. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையானால் 17, ஒற்றுகள் கணக்கில் இல்லை. போதாததற்கு, ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும் அந்தாதி வேறு. இந்தக் கட்டுப்பாடு அழுகையைத் தடுக்கவில்லை. சரியான சொல் கிடைக்கும்வரை உணர்வு காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் போலியானது தானே உதிர்ந்துவிடுகிறது.

இந்தப் பாடல்கள் பிறந்த உத்தரகோசமங்கைக் கோயிலில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். நமக்கும் அப்படி ஒரு பொழுது வேண்டும். யாப்புத் தெரிய வேண்டும் என்பதில்லை. விழுங்கி வைத்த கோபத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எந்த வரியை அடித்துவிடலாம் என்று கை துடிக்கிறதோ, அந்த வரியை மட்டும் அடிக்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையான வரி.

தில்லையில் ஒரு நாள் முதியவர் வடிவில் வந்த இறைவன், மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தைத் தன் கையாலேயே ஏட்டில் எழுதிக்கொண்டான் என்பார்கள். தன்னைப் பித்தன் என்று ஏசிய பாட்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறான்.